கோரை ஏரியின் எல்லை

திண்டிவனம் நகரத்தின் புதிய திட்டத்துக்காக, பாதுகாக்க வேண்டிய ஏரிகளையும் பாறைகளையும் பழைய கோயில்களையும் அளந்து வரைபடத்தில் ஏற்றும் வேலையை ஒரு தனியார் நிறுவனம் எடுத்திருந்தது. கலைமதி அங்கே ஒப்பந்த ஊழியர். அவள் பங்குக்கு வந்த ஒன்பது ஏரிகளில் கோரை ஏரியும் ஒன்று.

அந்த ஏரிக்கு மேற்கே, இருபது வருடங்களுக்கு முன் மனை போட்டு விற்ற இடத்தில்தான் அவள் அக்கா அம்சாவின் வீடு இருந்தது. மாடி அறையில் கலைமதி குடியிருந்தாள். அம்மா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்தவள் அம்சா.

பழைய நில அளவைப் படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்த்த அன்று கலைமதி முதலில் தேடியது அக்கா வீட்டைத்தான். அக்கா வீட்டுக்குப் பட்டா இருந்தது. ஆனால் தெருவே ஏரியின் நீர் பரவும் எல்லைக்குள் இருந்தது. மறுநாள் களப் பணியாளர் சவுரிராயனுடன் போய்ச் சீமைக் கருவேலத்தை வெட்டித் தேடினாள். இரண்டு எல்லைக் கற்கள் கிடைத்தன.

“மேடம், ரெண்டும் படத்துல இருக்கிற எடத்துலயே விழுது” என்றார் சவுரிராயன், சந்தோஷமாக.

நான்கு நாள் அந்தக் கோப்பை அவள் முடிக்கவில்லை. எல்லைக் கோட்டை நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளினால் அக்காவின் தெருவில் பதினேழு வீடுகள் தப்பும். கூடவே, பக்கத்தில் யாரோ வேலி போட்டு வைத்திருக்கும் பதினோரு ஏக்கரும் ஏரியை விட்டு வெளியே போகும். ஐந்தாம் நாள் கற்கள் சொன்னபடி வரைந்தாள்.

அன்று மாலையே அக்காவிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்சா அந்த வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் சக்கரபாணிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போய் வருவதற்குள் மனுஷன் துவண்டுவிடுவார். விழுப்புரம் பக்கம் குடிபோனால் பாதி அலைச்சல் மிச்சம்.

“இடிச்சிடுவாங்களா?” என்றாள் அம்சா.

“இப்போதைக்கு இல்லக்கா. ஆனா மேல கட்ட முடியாது. பிளான் அப்ரூவல் கிடைக்காது.”

“எப்ப வெளிய வரும் இது?”

“ரெண்டு மாசத்துல.”

அம்சா விரல்விட்டு நாள் எண்ணினாள். பிறகு, “அப்ப அதுக்குள்ள ஜல்தியா வித்து முடிச்சிடலாம். கோட்டக்குப்பத்துக்காரங்க ஞாயித்துக்கெழம வீடு பாக்க வர்றாங்க” என்றாள்.

சொன்னது தப்பாகிவிட்டது என்று கலைமதிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜிரா பீவி தன் மகள் அர்ஷியாவோடு வந்தார். அர்ஷியாவுக்குத் திண்டிவனத்தில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. கலைமதி கீழே வரக் கூடாது என்று அம்சா சொல்லியிருந்தாள். ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் மாடியையும் பார்ப்பார்களே. அறைக் கதவைத் தட்டி உள்ளே வந்தார்கள். அம்சா வாசற்படியில் நின்றாள்.

அர்ஷியா ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துவிட்டுக் கலைமதி பக்கம் திரும்பினாள். “காத்து நல்லா வருது. இதுக்கு மேல இன்னொரு மாடி எடுக்கலாம்ல அக்கா?”

அம்சாவின் கண் தன் முகத்தைவிட்டு நகரவில்லை என்பது கலைமதிக்குத் தெரிந்தது. வெளியே போக அந்த ஒரு வாசல்தான்.

“எடுக்க முடியாதும்மா” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹாஜிரா பீவி சத்தம் போடவில்லை. அம்சாவைத் திரும்பிப் பார்த்து, “ஒங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று மட்டும் கேட்டார். அம்சா வாசற்படியை விட்டு விலகி வழிவிட்டாள். அவர்கள் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்கள்.

அதன்பின் அம்சா தங்கையிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு மாடிப்படியில் மூடி வைத்திருக்கும். கலைமதி வேறு இடம் போய்விட நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை தோறும் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவள்தான். செவ்வாய்க்கிழமை ஒருமுறை அவரைக் கூட்டிப் போய்வரவே அக்காவின் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் சக்கரபாணி சொன்னார்: “நீ சொன்னது தப்புன்னு சொல்லல மதி. ஆனா எங்க வூட்லயே இருந்துக்கினு சொன்ன பாரு, அதத்தான் அவளால தாங்க முடியல.”

வரைவுத் திட்டம் வெளியானது. ஆட்சேபம் இருந்தால் மனு கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அன்று அம்சா படியேறி வந்தாள். ஐம்பத்தாறு நாளில் முதல் பேச்சு.

“மனு எழுதணும். எனக்கு எழுத வராது.”

“கோடு மாறாதுக்கா. மாத்து இடம் கேளு, அதாவது கிடைக்கலாம்…”

“கோட்டத் தள்ளச் சொல்லி எழுதுடி.”

எழுதினாள். தான் போட்ட கோட்டுக்கு எதிராக என்னென்ன சொல்ல முடியுமோ எல்லாம் எழுதினாள்: பட்டா, வரி ரசீது, விற்றபோது ஏரி என்று யாரும் சொல்லாதது, மாமாவின் நோய். கடைசியில் மாற்று இடமும் கேட்டாள். அம்சா கையெழுத்துப் போட்டாள்.

மனுக்களைச் சரிபார்ப்பதும் அதே நிறுவனம்தான் என்பதால், ஒரு வாரத்தில் அந்த மனு கலைமதியின் மேசைக்கே வந்தது. மேலாளர் சகாயராஜிடம் போய், இது தன் அக்காவுடையது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டாள்.

“இருக்கிறதே மூணு பேரு. கல்லு எங்க இருக்கோ அத எழுது. நான் சேர்ந்து கையெழுத்துப் போடறேன்” என்றார்.

மறுபடி போய் அளந்தாள். கற்கள் அங்கேயேதான் இருந்தன. எல்லையை மாற்ற முடியாது என்றும், மாற்று இடம் தரப் பரிசீலிக்கலாம் என்றும் எழுதி அனுப்பினாள். அந்தப் பரிந்துரையை யாராவது படிப்பார்களா என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை.

பதில் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. அம்சா கூடத்தில் நின்றபடி, எல்லையை மாற்ற முடியாது என்ற வரிவரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடியில் இருந்த இரண்டு கையெழுத்தில் தங்கையுடையதை விரலால் ஒருமுறை தடவினாள். கலைமதி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தாள். அப்படியாவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

அம்சா கடிதத்தை மடித்து மருந்து டப்பாவுக்குக் கீழே வைத்தாள்.

“நாளைக்குச் சனிக்கெழம. ஆறரை பஸ்ஸ உட்டா அடுத்ததுல உக்கார எடம் கெடைக்காது, அவரால நிக்க முடியாது. சீக்கிரம் எழுந்துக்கோ” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.