காணாமல் போனவரின் அடையாளம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இடது காதில் பாதிதான் உண்டு. மீதியைச் சின்ன வயதில் ஒரு நாய் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து கொளுத்துகிற வெயிலிலும் மனுஷன் காதை மூடி மஃப்ளர். ஊரே தன் காதைப் பற்றித்தான் பேசுகிறது என்று நம்பினார். ஊருக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

அன்றைக்கு மச்சான் முன்னால் மனைவி, "உங்க குறை மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். காதைத்தான் குத்திக் காட்டுகிறாள் என்று இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். அவளாக வந்து மன்னிப்புக் கேட்கும்வரை வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று, தான் பராமரிக்கும் பத்து மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். கிரீஸ் நாற்றத்தில் மூன்று நாள். ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை, பன் வாங்க லிஃப்டில் இறங்கினால், உள்ளே 'காணவில்லை' நோட்டீஸ். மச்சான் வேலை. படம் கல்யாணத்தில் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் கேமரா பக்கமே போனதில்லை. படத்தில் இருந்தவருக்குத் தலை நிறைய முடி.

காது எங்கே வருகிறது என்று படபடப்போடு படித்தார். உயரம் ஐந்தரை அடி. நீலச் சட்டை. அடையாளம்: யார் எதைச் சொன்னாலும் 'அது அப்படி இல்லை' என்பார்.

அவ்வளவுதான். அடையாளத்துக்கென்றே ஒரு காது இருக்க, இதையா போடுவான் மடையன்!

எட்டாம் மாடியில் ஏறிய ஒரு டீச்சரும் நோட்டீஸைப் படித்தார். "பாவம், அஞ்சரை அடி மனுஷன். எங்க போனாரோ."

"அது அப்படி இல்லைங்க. அஞ்சடி ஏழங்குலம்."

டீச்சர் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அது நீங்கதானா?"

"அது அப்படி இல்ல..."

அதற்குள் டீச்சர் நோட்டீஸில் இருந்த நம்பரை அழுத்திவிட்டார். "உங்க வீட்டுக்காரர் கிடைச்சுட்டாருங்க," என்று போனை அவர் கையில் திணித்தார்.

"ஏன்டி, என் காதைப் பத்தி ஒரு வரிகூட எழுதல?" என்று கத்தினார் மெக்கானிக்.

"காதா? அதுக்கென்ன இப்ப? அதைத்தான் கல்யாணத்தன்னிக்கே பாத்தாச்சே. பாதிக் காதாவது கேக்கும்னு நம்பித்தான கழுத்த நீட்டினேன். அது எங்க கேட்டுச்சு?"

இத்தனை வருஷ மஃப்ளரும் வியர்வையும் வீண் என்று தெரிந்ததில் அவருக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அவளுக்குச் சொல்லப் பதிலும் நுனிநாக்கில் தயாராக நின்றது. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மெக்கானிக் பதிலை மென்று விழுங்கினார்.

"சரிம்மா. நீ சொல்றது சரிதான்."

அந்தப் பக்கம் மனைவி சந்தேகமாகக் கேட்டாள்: "ஹலோ... யாருங்க பேசறது?"