முதலில் தன் கையில்

ஸ்ரீவராகத்து மாடிவீட்டில், அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தோலின் மேல் ஸ்பிரிட் தடவி ஒரே நொடி தீயை ஓடவிட்டு, உடனே கையால் துடைத்து அணைக்கும் விளையாட்டுக்கு மாளவிகாவும் கணவன் ஹரிநாராயணனும் பேசி எழுதிய விதிகள் அவை. ஆசை இரண்டு பேருக்கும்தான். ஃபேன் கூடாது, நைலான் கூடாது, தலையில் எண்ணெய் கூடாது, ஈரத்துண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும், ‘போதும்’ என்றால் அதோடு சரி.

அவள் தலைக்குக் குளித்து, முடியை இறுக்கி முடிந்து, பருத்தி விரிப்பில் குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் கல்கண்டு மாதிரி ஏதோ குளிர்ந்து உட்கார்ந்தது. வாசனை வந்ததும் எழுந்துவிட்டாள். கற்பூரம். அவன் கையில் தீப்பெட்டி.

“ஸ்பிரிட் எங்கே?”

“தீர்ந்துபோயிடுத்து. இது போறும். அம்பலத்துல உள்ளங்கையில ஏத்திக் காட்டறா, ஒண்ணும் ஆகறதில்லை கேட்டோ.”

கற்பூரம் உருகி ஒட்டிக்கொண்டு எரியும், துடைத்தால் தோலும் கூடவே வரும் என்று அவனுக்கு வாசித்துக் காட்டியதே அவள்தான். போனைத் தடவிக்கொண்டே அன்று ‘ம்’ கொட்டிய அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஈரத்துண்டைக் காணோம். அவள் நிறுத்திய ஃபேனையும் போட்டிருந்தான்; வியர்க்கிறதாம்.

“தாள்ல முதல் விதி என்ன? பத்த வைக்கறவா முதல்ல தன் கையில வச்சுப் பாக்கணும். நீட்டு.”

ஹரிநாராயணன் கற்பூரத்தைப் பார்த்தான்.

“எனக்குக் கை வெந்து பொள்ளிடும், மாளு” என்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.