செத்த தொட்டி

முதல் அடி காதின் மேல் விழுந்தது. அடித்தது யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த அடி விழ, தொட்டிக்காரர் தரையில் கிடந்தார். பட்டப்பகல். துணி ஆலையின் பின்வாசல். ஷிப்டு மாறுகிற நேரமானதால் நல்ல கூட்டம். ஆலைக்குக் கீழே குளங்களில் மீன் வளர்க்கிற மீன்காரர் தன் ஆட்களோடு வந்திருந்தார். கையோடு கொண்டுவந்த சாக்கை அவிழ்த்து, செத்து ஊதிப்போன மீன்களைத் தொட்டிக்காரர் முகத்தின் மேல் கொட்டினார்.

"தின்னுடா! உன் தண்ணியக் குடிச்சுச் செத்தது. நீயே தின்னு!"

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

திறந்த வாய்க்குள் ஒரு மீனைத் திணித்தார்கள். ஒருவன் அவருடைய வலது கையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் இரும்புக் கம்பியை விரல்கள் மேல் இறக்கினான். கரும்பை ஒடிப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. அது தன் கையிலிருந்து வந்தது என்பது அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ரத்தம் வழிந்த கண்ணால் கூட்டத்தைப் பார்த்தார். மனைவியின் தம்பி, அவரே சிபாரிசு செய்து ஆலையில் சேர்த்துவிட்ட மச்சினன், சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தான். இருவர் கண்ணும் சந்தித்தன. மச்சினன் ஓரடி பின்னால் நகர்ந்து, முன்னால் நின்றவர்களுக்குப் பின்னே மறைந்துகொண்டான்.

தொட்டிக்காரர் என்பது ஆலை வைத்த பெயர். சாயமும் சோப்பும் கஞ்சியுமாக வெளியேறும் கழிவுநீரைச் சுத்தப்படுத்துகிற பெரிய தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. அந்த அழுக்கைத் தின்று தீர்ப்பவை தொட்டியில் வாழும் கிருமிகள். அவற்றுக்கு மூச்சு வேண்டுமே என்று அடியிலிருந்து ஒரு ராட்சத மோட்டார் ஓயாமல் காற்றை ஊதும். தண்ணீர் உலையில் வைத்தது போல் பொங்கிக்கொண்டே இருக்கும். "நானும் மாட்டுப் பண்ணைதான் வச்சிருக்கேன். என்ன, மாடுதான் கண்ணுக்குத் தெரியாது" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். பண்ணை நன்றாக இருந்தால் தண்ணீர் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும், ஈரமண் வாசம் அடிக்கும்.

அந்தத் தண்ணீர்தான் சில நாளாகச் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. நுரை நடைபாதை வரை ஏறியது. அழுகிய முட்டை நாற்றம் தெருவையே தூக்கியது. அவர் போய்ச் சொன்னபோது மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நுரை வந்தா தண்ணியப் பீய்ச்சி அமுக்கு. இதுக்கெல்லாமா என்கிட்ட வருவ?" சுத்தமாகாத தண்ணீர் கால்வாயில் இறங்கியது. கால்வாய் போய்ச் சேர்கிற இடம் மீன்குளம்.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். முன்பற்கள் போயிருந்தன. ஆலைக்காரர்கள் அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று மீன்காரரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள் என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. மறுநாள் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் பார்க்க வந்தாள்.

"அண்ணே, தொட்டிக் கசட்டை எடுத்துச் சோதிச்சேன். முழுக்க வெள்ளி."

"வெள்ளியா? நகை செய்யற வெள்ளியா?"

"அதேதான். ஆஸ்பத்திரிக்குப் போற விரிப்புக்கெல்லாம் இப்ப நாம வெள்ளிக் கரைசல் ஏத்தறோமே, அது. தூசியவிடப் பொடிசா இருக்கும். துணியில கிருமி வளர விடாம கொல்லும். துணியில கொல்றது தொட்டியில சும்மா விடுமா? துணி அலசுற தண்ணியில இவ்வளவு வராதுண்ணே. யாரோ டிரம் டிரம்மா கவுத்து விட்டிருக்காங்க."

கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. வெள்ளிக் கரைசலில் துணியை முக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிகிற இயந்திரத்தை ஓட்டுகிறவன் அவள் தம்பி. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது.

"அவன நான் கேக்கறேன்" என்றாள். "நீங்க எந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் மருந்து வாங்கக் கீழே இறங்கியதும் அவர் எழுந்துவிட்டார். திரும்பி வந்தவள் காலிக் கட்டிலைப் பார்த்தாள். மருந்தைப் போட்டுவிட்டு ஆலையை நோக்கித் தெருவில் ஓடினாள்.

மச்சினன் தொட்டியின் மேல் போகும் இரும்பு நடைபாதையில்தான் நின்றிருந்தான். தொட்டியைப் பார்க்க ஆளில்லாததால் நுரையை அமுக்கும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. மாமாவைக் கண்டதும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான்.

"எதுக்குடா கவுத்த?"

"மாமா... கரைசல் கெட்டுப்போச்சு. கறுத்துத் திரிஞ்சு நின்னுச்சு. அதத் தனியா எடுத்து வைக்கணும்னா மெஷின நிறுத்தணும். மேனேஜர் விடல. தொட்டிக்குப் போற சாக்கடையில தள்ளுன்னாரு, தள்ளினேன். இப்படி ஆகும்னு சத்தியமாத் தெரியாது மாமா."

"தொட்டி செத்தப்புறம் தெரிஞ்சுதுல்ல? என் கைய உடைக்கும்போது தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அவர் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பார். இடது கைக்கு எட்டியது கசடு அள்ளும் நீளக்காம்புக் கரண்டி. அதை வீசினார். மச்சினனின் புருவம் பிளந்தது. "வேணாம் மாமா!" என்று கையைக் குறுக்கே நீட்டினான். மறுபடி வீசினார், முழங்கையில் பட்டது. வலியில் வெறி பிடித்து மச்சினனும் பாய்ந்தான். கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினான். அவர் அலறிக்கொண்டே தலையால் அவன் மூக்கில் முட்டினார். இருவரும் கட்டிப் புரண்டு கம்பியழியில் போய் மோதினார்கள். துருவேறிய அழி பிய்ந்து விழுந்தது. அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மச்சினனுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை.

காற்று ஊதுகிற தண்ணீர் ஆளைத் தாங்காது. எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் கல்லாக அடியில் போவான். காற்றை நிறுத்தினால்தான் தண்ணீருக்குக் கனம் வரும், ஆள் மேலே வருவான். அதைத் தொட்டிக்காரரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் நின்றார். நுரை மச்சினனை மூடிக்கொண்டது. கிட அங்கேயே, என்று அவருக்குள் ஒன்று சொன்னது. அப்படிச் சொன்னபோது உடைந்த விரல்களின் வலிகூட அடங்கினாற்போல் இருந்தது.

யாரோ அவரை மோதித் தள்ளினார்கள். அவர் மனைவி. புருஷனிடமிருந்து எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு அந்தப் பொத்தான் எதற்கென்று அவளுக்கும் தெரியும். அதை உள்ளங்கையால் அறைந்தாள். மோட்டார் முனகி நின்றது. தண்ணீர் பொங்குவது அடங்கியது. சாம்பல் தண்ணீரில் ஒரு கை தெரிந்தது.

அவள் குப்புறப் படுத்து, கரண்டியை அவன் அக்குளுக்குள் கொடுத்து இழுத்தாள். "பிடிங்க! நின்னு பாக்கறீங்களே, பிடிங்க!" அப்போதுதான் அவர் அசைந்தார். இடது கையால் மச்சினனின் சட்டைக் காலரைச் சுற்றிப் பிடித்தார். மேலே கிடத்தியதும் அவள் தம்பியின் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். கறுப்புத் தண்ணீரும் ரத்தமுமாகக் கக்கிவிட்டு அவன் மூச்சிழுத்தான்.

கசட்டுத் தண்ணீர் நுரையீரலில் இறங்கி மச்சினனைப் பாடாய்ப் படுத்தியது. ஒருவழியாகக் கண் தெளிந்த அன்று தொட்டிக்காரர் போய் அவன் கட்டிலருகே நின்றார்.

"நீ முங்கினப்ப நான் பட்டன அமுக்கல மாப்ளே. பக்கத்துலதான் இருந்துச்சு."

"தெரியும் மாமா. முங்கறதுக்கு முன்னாடி பாத்தேன்" என்றான் அவன். குரல் கீச்சென்று வந்தது. "அன்னிக்கு வாசல்ல நானும் அப்படித்தான நின்னேன். சரியாப்போச்சு."

மனைவி கையிலிருந்த டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தாள். "எதுடா சரியாப்போச்சு? உங்களுக்குள்ள கணக்கு நேர் பண்ணிக்கறீங்களா? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன், ரெண்டு பிணத்துக்கும் ஒப்பாரி வைக்கவா?"

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். அதிகாரிகள் விசாரிக்க வருகிறார்கள், கால் தவறி விழுந்ததாகச் சொன்னால் போதும், டிரம் கிரம் என்று வாயைத் திறந்தால் அவனும் ஜெயிலுக்குத்தான் போவான் என்றார். அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். மேனேஜரின் கன்னத்தில் அது விழுந்த சத்தத்துக்கு வார்டே எட்டிப் பார்த்தது. அவர் கையை ஓங்கினார். அவள் மறுபடி அடித்தாள், மூக்குக்கண்ணாடி தெறித்தது. நர்ஸ்கள் ஓடிவந்து பிரிக்கும்வரை விடவில்லை.

அதிகாரிகள் வந்தபோது மச்சினன் ஒன்றையும் மறைக்கவில்லை. மேனேஜர் கைதானார். அவன் மேலும் வழக்கு விழுந்தது. ஆலையைப் பூட்டி, வெள்ளிக் கழிவுக்குத் தனித் தொட்டி கட்டிய பிறகு திறந்தார்கள். வேறோர் ஆலையிலிருந்து லாரியில் கிருமிகள் உயிரோடிருக்கிற கசடு கொண்டுவந்து ஊற்றினார்கள். தொட்டிக்காரரை மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருநாள் மீன்காரர் வந்து வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை எப்படி இருக்கு?"

"ரெண்டு விரல் மடங்கல."

மீன்காரர் அந்தக் கையைப் பார்த்தார். போய்விட்டார்.

மனைவி அதுவரை தம்பியோடுதான் இருந்தாள். அவன் எழுந்து நடமாடத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்தாள். இடது கையால் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்துத் தட்டைப் பிடுங்கினாள். பிசைந்து ஊட்டத் தொடங்கினாள். பாதிச் சாப்பாட்டில் கேட்டாள்:

"நான் வராம இருந்திருந்தா அமுக்கியிருப்பீங்களா?"

அவர் மென்றதை விழுங்கினார். "தெரியல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆமான்னு பொய் சொல்லியிருந்தீங்கன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்றாள். "வாயத் திறங்க."