தெமட்டகொடையில் பொன்னுருக்கல்

பொன்னுருக்கல் நாளில் மாப்பிள்ளை தன் வீட்டுப் படி தாண்டி வெளியே போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதும் அம்மாதான். அன்று காலை அதை உடைத்து என்னை வெளியே அனுப்பியதும் அம்மாதான்.

தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில், மாப்பிள்ளை வீட்டில் வைத்து, நகை செய்கிற ஆசாரியார் உருக்க வேண்டும். அவரைக் கொட்டாஞ்சேனையில் காரில் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கூட்டிவருவது மாமா லோகேஸ்வரனின் பொறுப்பாக இருந்தது. மாமா முதல்நாள் பலகாரம் சுட்ட அடுப்படியிலேயே குந்தியிருந்து ருசி பார்த்தவர். விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த மற்ற ஆள் நான்தான்.

“நேரம் பத்து இருபதில இருந்து பதினொண்டு முப்பத்தைஞ்சு வரைக்கும்,” என்றாள் அம்மா. “ஆசாரியாரை மரியாதையாக் காரில கொண்டு வா. வழியில ஒருத்தரோடயும் கொழுவாதை, தனஞ்சயன்.”

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எனக்கு முப்பத்தெட்டு வயது. முதல் சம்பந்தம் சாதகத்தால் முறிந்தது, இரண்டாவது என் வாயால் முறிந்தது. மூன்றாவதாக வந்தவள் சுபாஷினி. நான் கத்தினால் கத்தி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, இப்ப விஷயத்தைச் சொல்லுங்கோ,” என்பாள். அவளை எனக்கு நிரம்பப் பிடித்துவிட்டது. ஆறு நாளில் கலியாணம். இந்தப் பொன்னுருக்கல் தவறினால் அடுத்தது மார்கழி, அதற்குப் பிறகு எங்கள் சாதகங்களுக்கு வைகாசிவரை நாள் இல்லை என்று ஐயர் சொல்லியிருந்தார். வைகாசிவரை என் வாயைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியுமா என்பது எனக்கே சந்தேகம்.

எங்கள் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைபிரிட் கார், வாங்கி ஏழு வருடம். ஆனாலும் பின்சீற்றில் கடைக்காரன் போட்டுவிட்ட பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. முன்சீற்று உறைகளை ஒருநாள் நான் கிழித்தெறிந்தபோது, பின்னால் கைவைத்தால் வீட்டில் சோறு இல்லை என்றாள் அம்மா. வெயில் நேரத்தில் பின்னால் இருந்து எழும்புகிறவர்கள் ஒட்டுப் பிளாஸ்டரைப் பிய்ப்பதுபோல் தங்களைப் பிய்த்துக்கொண்டு எழும்புவார்கள். ஏன் என்று கேட்டால், “புதுசா இருக்கட்டும்,” என்பதற்கு மேல் அம்மா ஒன்றும் சொன்னதில்லை.

கொட்டாஞ்சேனையில் ஆசாரியார் சின்னராசா விபூதியும் வெள்ளை வேட்டியுமாகத் தயாராக நின்றார். உருக்குகிற சாமான்கள் எல்லாம் ஒரு பெரிய பையில் இருந்தன. அது பின்கதவால் போக மறுத்தது. நான் முழங்காலால் ஓர் உதை கொடுத்துச் சீற்றின் மூலைக்குள் திணித்தேன்.

“மெதுவா தம்பி. அதுக்குள்ளதான் ஒங்க கல்யாணம் இருக்கு,” என்றார் அவர், முன்னால் ஏறிக்கொண்டு.

பேஸ்லைன் வீதியால் போனால் கெதியாகப் போகலாம் என்று தெமட்டகொடைப் பக்கம் திருப்பினேன். பாலத்தடிக்கு வந்தபோது மீற்றரில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மணி பத்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்தான். நான் இறங்கி அவனுடைய பரம்பரையையே விசாரித்தேன். அதற்குள் ஆசாரியார் எதிரே இருந்த கராஜ் ஒன்றிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து காரைத் தள்ள வைத்துவிட்டார்.

கராஜ்காரர் றொஹான் பாஸ் கருவியைக் காரில் செருகிப் பார்த்தார். “மாத்தயா, பெற்றரி சூடு. அரை மணித்தியாலம் ஆறட்டும், போகலாம்,” என்றார், ‘ஐயா’வை மட்டும் சிங்களத்தில் விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில்.

“ஒரு ஓட்டோ புடிச்சுப் போயிடுவோமே தம்பி,” என்றார் ஆசாரியார்.

அதுதான் புத்தியான யோசனை. அந்த நேரம் ஓட்டோ பிடித்திருந்தால் பத்தே முக்காலுக்கு வீட்டில் நின்றிருப்போம். ஆனால் மரியாதையாகக் காரில் கொண்டு வா என்று அம்மா சொல்லியிருக்கிறாள், இந்தக் கார் என்னைத் தோற்கடிக்கவும் கூடாது. “அரை மணித்தியாலம்தானே, இருங்கோ,” என்று மறித்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. “வந்துகொண்டிருக்கிறன்,” என்று வைத்தேன். பிறகு மனம் கேட்காமல் சுபாஷினிக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். பஸ்காரனையும் காரையும் ஐயரையும் திட்டி முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி. எந்தக் கராஜ்?” என்றாள். சொன்னேன். “அங்கயே நில்லுங்கோ,” என்று வைத்துவிட்டாள்.

அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலமாகி, பத்து ஐம்பதுக்குக் கார் ஸ்டார்ட் ஆனது. ஆசாரியாரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு கராஜ் வாசல்வரை ஓட்டினேன். வாசலில் மறுபடியும் முக்கோணம் எரிந்து கார் நின்றது. இனி ஓட்டோவில் பறந்தாலும் வீடு போய், சாமான் பரப்பி, உருக்க நேரம் போதாது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. வாசலில் கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். சுபாஷினிக்கு எந்த முகத்தோடு வைகாசி என்று சொல்வேன் என்று நினைக்க அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்று ஐந்துக்கு இரண்டு ஓட்டோக்கள் கராஜுக்குள் திரும்பின. முதலாவதிலிருந்து அப்பா ஒரு தேங்காயோடும் வாழைப்பழச் சீப்போடும் இறங்கினார். இரண்டாவதில், பட்டுச்சேலை கசங்க, மடியில் குத்துவிளக்கும் கையில் நிறைகுடமுமாக அம்மா இருந்தாள்.

“வந்துகொண்டிருக்கிறியோ?” என்றாள் என்னைப் பார்த்து. “அந்தப் பிள்ளை எடுத்துச் சொன்னதாலை தப்பினாய். நேரம் முக்கியமோ வீடு முக்கியமோ மாமி எண்டு கேட்டாள். நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன்.”

“எடம் சுத்தமா இருந்தா போதும்மா,” என்றார் ஆசாரியார். “மாப்புள இருக்காரு, பெத்தவங்க இருக்கீங்க. வேற என்ன வேணும்.”

றொஹான் பாஸுக்கு விஷயம் விளங்கியதும் ஆட்கள் பறந்தார்கள். எண்ணெய்த் தகரங்கள் பின்வளவுக்குப் போயின. கார் கழுவுகிற சீமெந்துத் தரையை இரண்டு முறை கழுவினார்கள். நான் உட்கார்ந்திருந்த டயரின்மேல் ஒரு பலகை வைத்து, அதன்மேல் அப்பாவின் சால்வையை விரித்து, நிறைகுடத்தை வைத்தாள் அம்மா. பாஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

பதினொன்று இருபதுக்கு, அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு வந்த தங்க நாணயத்தை வெற்றிலையில் வைத்து ஆசாரியாரிடம் கொடுத்தேன். அவர் கும்பிட்டு அதை மண் கிண்ணத்தில் இட்டு நெருப்பை ஊதினார். நாணயத்தின் ஓரம் தளர்ந்தது, உருவம் அழிந்தது, ஒரு துளியாகத் திரண்டு நின்று மினுங்கியது. அப்பா தேங்காய் உடைத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணி பதினொன்று முப்பத்தொன்று.

எல்லோரும் பொன்னைத் தொட்டுக் கும்பிட்டு, வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாஸ் காரின் பின்கதவைத் திறந்து குனிந்து எதையோ இழுத்தார். நீளமாக ஒரு பொலித்தீன் வந்தது.

“மாத்தயா, காருக்கு வருத்தம் இல்லை. சீற்றுப் பக்கத்து ஓட்டையாலதான் பெற்றரிக்குக் காத்துப் போகுது. பையைத் தள்ளினபோது இது கிழிஞ்சு உள்ளே போயிருக்குது. மூச்சு அடைச்சிட்டுது.”

நான் அம்மாவைப் பார்த்தேன். ஏழு வருடக் கோபம் தொண்டைவரை வந்தது.

“எப்ப எண்டாலும் ஒருத்தி வருவாள்தானே,” என்றாள் அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “வாற மருமகள்தான் அதில முதல் முதல் இருக்க வேணும் எண்டு வைச்சிருந்தனான்.”

முதல் சம்பந்தம் முறிந்தபோதும் அந்த உறை இருந்தது. இரண்டாவதை நான் முறித்துவிட்டு வந்த அன்றும் இருந்தது. தொண்டைவரை வந்தது எங்கே போனதென்று தெரியவில்லை. நான் போய் ஒரு மூலையைப் பிடித்தேன், அம்மா மற்ற மூலையைப் பிடித்தாள். மிச்ச உறை முழுவதையும் உரித்தோம். உள்ளே சாம்பல் நிறச் சீற்று ஒரு தூசி இல்லாமல் இருந்தது.

கார் ஆறியதும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. பாஸ் காசு வேண்டாம் என்று மிச்ச வாழைப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். அப்பா குத்துவிளக்கோடு பின்னால் ஏறப் போனார்.

“இறங்குங்கோ,” என்றாள் அம்மா. “அதில ஒருத்தரும் இருக்கப்படாது. ஆசாரியார் முன்னுக்கு இருக்கட்டும், பை அவரின்ர மடியில. நாங்கள் வந்த மாதிரி ஓட்டோவில வாறம்.”

கொட்டாஞ்சேனையில் ஆசாரியாரை இறக்கிவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். பொரளையில் ஒரு பஸ் குறுக்கே வெட்டியது. பம்பலப்பிட்டியில் ஒருவன் சிக்னல் போடாமல் திரும்பினான். நான் ஹோன்கூட அடிக்கவில்லை. பின்சீற்றில் ஆள் இருக்கிற மாதிரி, பள்ளம் பார்த்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.