இசோவின் ஒன்பது சுற்று

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அரிமட்சு ஊரின் அத்தனை நீலத்தொட்டிகள் மீதும் சத்தியம். பொய்யென்றால் சொன்ன நாக்கு நீலம் பாரிக்கட்டும்.

அந்த ஊர்ப் பெண்கள் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி, சாயத்தில் முக்குவார்கள். சுற்றிய இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சாயக்கடை முதலாளி கன்ஜூரோவின் மகளுக்கான கல்யாணப் பட்டில் அவர்களில் ஒருத்தியான இசோ முடிச்சிட்டு முடிக்கப் பதினான்கு மாதம் பிடித்தது. ஒருத்தி தொடங்கியதை இன்னொருத்தி தொடமாட்டாள். கை மாறினால் புள்ளியே காட்டிக்கொடுத்துவிடும்.

வினை முதல் வாரமே பக்கத்து வீட்டு டொமேயின் வாயிலிருந்து வந்தது.

"என்னடி இசோ, உன் முடிச்சு கிழவன் பல்லு மாதிரி ஆடுதே!"

அன்று முதல் ஏழு சுற்றுக்குப் பதில் ஒன்பது சுற்றினாள் இசோ. பன்னிரண்டு கஜப் பட்டு சுருங்கிச் சுருங்கி ஒரு முள்ளங்கி அளவுக்கு வந்தது. சாயம் உள்ளே இறங்கவே மூன்று நாள் பிடித்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, முடிச்சு அவிழ்க்க வேண்டும். இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூல் தெறித்து விழும். இவ்வளவு இறுக்கத்தில் நூலுக்கு முன் பட்டு கிழியலாம். கிழிந்தால் இசோவுக்கு இனி எந்தக் கடையும் துணி தராது.

மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை. டொமே கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாயேண்டி, வந்து பிடி," என்றாள் இசோ.

"எனக்கு ரெண்டு கையும் வேணும்டி இசோ, ராத்திரிக்குச் சோறு சாப்பிடணும்."

கடைசியில் கன்ஜூரோவே குந்தி உட்கார்ந்து பிடித்தார்.

"கிழிஞ்சுதுன்னா என்ன பண்ணுவே, இசோம்மா?"

"அந்தப் பேச்சை எடுக்காதீங்க முதலாளி. இறுக்கிப் பிடிங்க."

இசோ இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. காலை வாசற்படியில் உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். ஒரு நூல் தெறித்தது. பட்டுக்குள் எதுவோ முனகியது. தெருக்கோழிகள் மேய்வதை நிறுத்தின. மூன்றாம் இழுப்பில்...

சர்ர்ரென்று ஒரு கிழிசல் சத்தம்.

தெருவே மூச்சை அடக்கியது. இசோ குனிந்து பார்க்கத் துணிவு வராமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடாதே," என்றார் கன்ஜூரோ மெல்ல. "கிழிஞ்சது என் கால்சட்டை."

சொல்லி முடிக்கவில்லை, எண்பதாயிரம் முடிச்சும் பொரி பொரிவதுபோல ஒன்றாய்ப் படபடத்தன. பதினான்கு மாதம் அடைபட்டிருந்த பன்னிரண்டு கஜமும் ஒரே மூச்சில் விரிந்து, கன்ஜூரோவைத் தூக்கி மூன்று கூரை தாண்டி சோயா விழுதான மிசோ விற்கும் கடைப் பீப்பாயில் இறக்கியது. பட்டில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

பீப்பாயிலிருந்து குரல் வந்தது: "இசோம்மா, என் சின்ன மக கல்யாணப் பட்டுக்கும் நீதான் முடிச்சுக் கட்டணும். இழுக்கறதுக்கு மட்டும் டொமேயைக் கூப்பிடு."

அன்றிலிருந்து அந்தத் தெருவில் இசோவின் முடிச்சைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இசோ ஆயுள் முழுக்க முடிச்சிட்டது பருத்தியில் மட்டும். பட்டு ஒரு முழம்கூட அவள் கைக்கு வந்ததில்லை. என் நாக்கு என்ன நிறம் என்று மட்டும் பார்க்காதீர்கள்.