நாலு நாற்பது சைரன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒருவரைத் திட்டுவதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். அவர் எங்கள் கம்பெனியின் டைம் ஆபீஸ் கிளார்க். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1978 மே மாதம் ஒரு சனிக்கிழமை, புது ஷிப்டு லிஸ்ட்டைப் பார்த்த சூட்டில், ஒரு பழைய ஜாப் கார்டின் பின்பக்கத்தில் முதல் வரியை எழுதினேன். அது இப்படி இருந்தது:

‘கடிகார முள்ளால் மனிதரைக் குத்திக் குத்தியே வயிறு வளர்த்த லக்ஷ்மிநரசிம்மன்—’

வினைச்சொல் கிடைப்பதற்குள் சைரன் ஊதிவிட்டது. நான் எழுதுவது டீ பிரேக்கில். டீ பிரேக் பத்து நிமிஷம்; அதில் டீயும் குடிக்க வேண்டும். ஆகையால் இந்தக் கதையில் வாக்கியங்கள் பாதியில் நின்றால் அதைப் புதுமை என்று யாரும் பாராட்ட வேண்டாம். சைரன் ஊதியது என்று அர்த்தம்.

(லக்ஷ்மிநரசிம்மன் என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.)

என் பெயர் இருதயசாமி. மண்ணூர்ப் பக்கம் லாரிகளுக்குத் தகடு வெட்டும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். வேலை நேரம் போக, எங்கள் மாதா கோயில் பேண்டு செட்டுக்கு மாஸ்டர். கிளாரினெட் வாசிப்பேன். பேண்டு நேரம் போகத்தான் எனக்கு வேலை என்று என் சூபர்வைசர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

2

ஐந்து பேர் கொண்ட பேண்டு. ஐந்து பேருக்கும் ஒரே கம்பெனி, ஆனால் ஷிப்டு வேறு. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று வாரத்துக்கு வாரம் மாறும். கிளாரினெட் வேலையில் இருக்கும்போது டிரம்பெட் தூங்கும். டிரம்பெட் எழுந்திருக்கும்போது சைடு டிரம் சைக்கிளில் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு பாட்டை ஐந்து பேரும் சேர்ந்து முழுதாக வாசித்துப் பார்ப்பது, பெரும்பாலும், யாராவது இறந்து ஊர்வலம் கிளம்பிய பிறகுதான். கல்யாணத்துக்குத் தேதி உண்டு, திருவிழாவுக்குத் தேதி உண்டு. சாவுக்கு ஒரு வாரம் முன்னால் லீவு லெட்டர் கொடுக்க முடியுமா?

எங்களைச் சிதறாமல் பார்த்துக்கொண்டவர் அன்னபுஷ்பம் அக்கா. கோயில் பள்ளிக்கூடத்தில் ஆயா. கணவர் இல்லை, ஒரே மகள் அருள்மேரி. வாத்தியங்கள் எல்லாம் அக்கா வீட்டில்தான் இருக்கும். சனிக்கிழமைதோறும் நான் ஷிப்டு லிஸ்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவைத்து, பேண்டு கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வார்.

“காலைல எடுத்தீங்கன்னா நாலு பேரு வருவாங்க. சாயங்காலம்னா பெரிய டிரம்மு கெடையாது. இன்னா சொல்ற?”

துக்கத்தோடு வந்தவர்கள் அடக்க நேரத்தை மாற்றிக்கொண்டு போவார்கள். ஒருமுறை, இழுத்துக்கொண்டு கிடந்த ஒருவருடைய மகனிடம், “ஞாயித்துக்கெழம வரைக்கும் எப்பிடினா பாத்துக்கோப்பா” என்று அக்கா சொன்னதாக ஊரில் பேச்சு. அக்கா அதை மறுத்ததில்லை.

நான் இந்த இடத்தில் அக்காவின் தோற்றத்தை வர்ணிக்க வேண்டும். குள்ளமான உருவம், வேகமான நடை, இடுப்பில் எப்போதும் ஒரு

[சைரன்.]

3

(இடுப்பில் சாவிக்கொத்து. மறுநாள் உட்கார்ந்தபோது அந்த வாக்கியத்தை ஒட்டவைக்க மனம் வரவில்லை.)

இனி லாசர். பெரிய டிரம் அவனுடையது. கம்பெனியில் அவனுக்குப் பவர் பிரஸ் வேலை. காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். நாள் முழுக்க அதே சத்தம். அந்த வருஷம் ஜனவரியில் உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று பிரஸ்ஸின் வேகத்தை ஏற்றினார்கள். பிப்ரவரியில் எங்கள் சவ ஊர்வலங்கள் வேகமெடுத்தன.

முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. தண்டலத்தில் ஓர் அடக்கத்தின்போது பெட்டியைத் தூக்கிப் போனவர்கள் கிட்டத்தட்ட ஓடினார்கள். சாமியார் அங்கியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். லாசரின் கையில் பிரஸ் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அக்காதான்.

“டேய் லாசரு, செத்தவங்களுக்கு இன்னாடா அவசரம்? என்னைத் தூக்கினு போம்போது மெதுவா அடி. உசுரோட இருக்க சொல்ல நான் ஒருநாளும் மெதுவா நடந்ததில்ல.”

“உன்ன யாருக்கா தூக்கப்போறா” என்றான் லாசர். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க டிரம் வாரை இறுக்கினான்.

4

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். என்னிடம் ஒருவர் தயாராக இருந்தார்.

லக்ஷ்மிநரசிம்மன் சார் ஸ்ரீபெரும்புதூரில், கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் செயின் போட்ட கடிகாரம். வருகைப் பதிவும் ஷிப்டு லிஸ்ட்டும் சைரனும் அவர் பொறுப்பு; சைரன் சுவிட்சை அவர்தான் அழுத்துவார். சைரன் ஊதிய நேரத்தை ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதுவார். இருபது வருஷ நோட்டில் ஓர் அடித்தல் கிடையாது. இரண்டு நிமிஷம் தாமதமானால், “இருதயசாமி, ரெண்டு நிமிஷம். அரை நாள்” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. திட்டினாலாவது கோபப்படலாம்.

லாசர் டெம்பரவரி ஆள். டெம்பரவரிகளுக்குக் கம்பெனி வைத்திருந்த வழக்கம் இது: ஷிப்டு தொடங்கும்போதும் பிரேக் முடியும்போதும், சைரன் ஊதுகையில் மெஷின் பக்கத்தில் இல்லாவிட்டால் அன்று ஆப்சென்ட். ஒரு ஆப்சென்ட் விழுந்தால், வேலை நிரந்தரமாவதற்கான நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். லாசருக்கு ஏற்கெனவே இரண்டு முறை அப்படி ஆயிற்று. இரண்டாவது முறைக்குக் காரணம் நான். ஒரு கல்யாணத்தில் இன்னும் ஒரே பாட்டு, ஒரே பாட்டு என்று அவனை நிறுத்திவைத்தேன். இரண்டு முறையும் ஆப்சென்ட் போட்டவர் லக்ஷ்மிநரசிம்மன்.

ஐந்து பேருக்கும் ஒரே ஷிப்டு கொடுங்கள் என்று நான் நாலு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மே மாதச் சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். ஐந்து பேருக்கும் ஒரே ஷிப்டு, மாதம் முழுக்க. ஆனால் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. கல்யாண ஊர்வலமும் சவ அடக்கமும் எங்கள் பக்கம் பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். கேட்டதைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, எங்களைக் கட்டிப்போட்ட மாதிரியும் ஆயிற்று. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் முதல் வரி.

(இப்போது திரும்பப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த ஷிப்டினால் எங்களுக்குக் காலை நேரம் முழுக்கக் கிடைத்தது. பத்து நாள் தொடர்ந்து ஐந்து பேரும் சேர்ந்து பயிற்சி செய்தோம். பேண்டு ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. கோபத்தில் எழுதிய பிரதியில் இந்தச் செய்தியை நான் சேர்க்கவில்லை. வில்லன் அப்போதே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டார்.)

5

பதினோராவது நாள் வியாழக்கிழமை. காலையில் பயிற்சிக்குப் போனபோது அக்கா வீட்டு வாசலில் கூட்டம். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாராம். வண்டி பிடிக்கப் போனவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

உள்ளே சுவரில் எங்கள் லிஸ்ட் ஒட்டியிருந்தது. அருள்மேரி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா லிஸ்ட்ட பாத்துக்கினு இருந்திச்சுனா இந்த வாரம் செத்திருக்காது அண்ணே.”

சாமியார் வெளியூர் போயிருந்தார்; மூன்று மணிக்கு மேல்தான் வருவார். மே மாத வெயிலில் மறுநாள் வரை வைக்க முடியாது. நான் கம்பெனிக்கு ஓடினேன். அவசர டெஸ்பாட்ச், ஐந்து பேருக்கு லீவு தர முடியாது, வேண்டுமானால் நீ ஒருவன் போ என்றார் சூபர்வைசர். அவர் மேல் தப்பில்லை. ஆனால் ஒரு கிளாரினெட் பேண்டு ஆகாது. லாசருக்கோ நிரந்தரமாக இன்னும் ஒன்பதே நாள் இருந்தது. “நான் வந்துர்றேன் மாஸ்டர், போனா போவுது” என்று அவன் சொன்னான். மூன்றாவது முறையும் அவனை ஒன்றிலிருந்து எண்ணவைக்க எனக்குத் துணிவில்லை.

வழி சொன்னது அருள்மேரி. அழுது முடித்த குரலில், அம்மா மாதிரியே கறாராகக் கேட்டாள்.

“கல்லறைக்கு உங்க கம்பெனி வேலியோரமாதான போவணும்? டீ பிரேக்கு எத்தினி மணிக்கு?”

“நாலரைக்கு.”

“அப்ப நாலரைக்கு அம்மா அங்க வந்து நிக்கும். நீங்க உள்ள இருந்தே வாசிங்க.”

6

இந்தக் காட்சியை எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை முயன்றேன்.

‘சூரியன் மேற்கே சாயத் தொடங்கிய அந்த—’ வேண்டாம். உச்சி வெயில் மாதிரிதான் காய்ந்தது.

‘மரணம் என்பது—’ வேண்டவே வேண்டாம்.

‘நாலரைக்குச் சைரன் ஊதியது. நாங்கள் ஓடினோம்.’ இது சரி.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் முள்கம்பி வேலி. வெளியே நாலு பேர் தோளில் அக்கா. பின்னால் ஊர். கிளாரினெட்டையும் டிரம்பெட்டையும் கம்பிகளின் நடுவே உள்ளே கொடுத்தார்கள். சைடு டிரம்மைச் சாய்த்து நுழைத்தார்கள். ஐந்தாவது ஆளின் பெரிய பித்தளைக் குழலை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். பெரிய டிரம் நுழையவில்லை. வெளியே இரண்டு பேர் அதை வேலியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள, லாசர் இரண்டு கைகளையும் கம்பிக்கு வெளியே நீட்டினான். டிரம் வெளியே, டிரம் அடிக்கிறவன் உள்ளே. அதற்குள் இரண்டு நிமிஷம் போய்விட்டது.

கல்லறைப் பாட்டுக்கு ஐந்து சரணம். பிரஸ் வேகத்தில் அடித்தால் ஏழு நிமிஷத்தில் முடியும். ஓடினால் லாசர் மெஷினுக்குப் போய்விடலாம். அக்கா கேட்ட வேகத்தில் அடித்தால் பன்னிரண்டு நிமிஷமாவது ஆகும். நான் மாஸ்டர். கையை உயர்த்தி வேகமாகத் தாளம் காட்டினேன். ஒப்புக்கொள்கிறேன், அக்கா கேட்டுக்கொண்டதை மீறித்தான் காட்டினேன்.

லாசர் என் கையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். முதல் அடி விழுந்தது. அடுத்த அடி வருமா வராதா என்று நினைக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, அடுத்த அடி. நாங்கள் நாலு பேரும் அவன் பின்னால் போனோம். வேறு வழி இல்லை. தூக்கியிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே மெல்லக் கால் மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது சரணத்தில் என் கடிகாரம் நாலு முப்பத்தொன்பது. நாலு நாற்பது. சைரன் ஊதவில்லை. நாலு நாற்பத்தொன்று. டைம் ஆபீஸ் ஜன்னல் எங்களுக்கு நேர் எதிரே. கதவுகள் திறந்திருந்தன, உள்ளே இருட்டு. நாலு நாற்பத்திரண்டு. லாசர் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஐந்தாவது சரணம். நாலு நாற்பத்துநாலு. கடைசி அடி விழுந்தது. அது அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

அதற்குப் பிறகு சைரன் ஊதியது.

லாசர் கம்பியில் கிழிந்த சட்டைக் கையோடு ஓடினான். சத்தம் நிற்பதற்குள் மெஷின் பக்கத்தில் நின்றான்.

7

இங்கே வாசகர் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். பதில்கள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ. கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் அடிக்கடி போகும். டீ பிரேக்கில் மெஷின்கள் நின்றிருக்கும், அதனால் போனதும் வந்ததும் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆ. லக்ஷ்மிநரசிம்மன் கண் அயர்ந்துவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இ. மூன்றாவதை நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் டைம் ஆபீஸுக்குப் போனேன். “சார், நேத்து…” என்று இழுத்தேன்.

“நேத்து என்ன? நாலு முப்பதுக்குப் பிரேக். நாலு நாப்பதுக்கு சைரன். நோட்டுல இருக்கு, பாரும்.”

நோட்டைத் திருப்பிக் காட்டினார். அடித்தல் இல்லாத அதே கையெழுத்து: 4.40.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் பேனாவைத் துடைத்தபடி கேட்டார்: “பெரிய டிரம் யாரு?”

“லாசர் சார். பிரஸ் செக்‌ஷன்.”

“புறப்பாடுன்னா அந்த நிதானம் வேணும்” என்றார். பெருமாள் வீதிக்கு எழுந்தருளும்போது அவர் வீட்டில் சொல்லும் வார்த்தை அது. எங்கள் பள்ளிக்கூட ஆயாவுக்கு அதைச் சொன்னார்.

நன்றி சார் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நன்றி சொன்னால் அவர் எதையோ செய்தார் என்று ஆகும். செய்தார் என்று ஆனால் அந்த நோட்டில் ஒரு பொய் இருக்கிறது என்று ஆகும். அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. ஆனால் நோட்டு இன்னும் கம்பெனி பீரோவில் இருக்கிறது. பெயரை மாற்றியது இதற்காகத்தான். மூன்றாவது பதிலை எழுதாததும் இதற்காகத்தான். திட்ட ஆரம்பித்த கதை, நன்றிகூடச் சொல்ல முடியாத கதையாக ஆகிவிட்டது. ஒன்பது வருஷமாக இந்த நன்றியை உள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். கனமாக இருக்கிறது, ஆனால் சுகமாகவும் இருக்கிறது.

8

லாசர் ஒன்பதாம் நாள் நிரந்தரமானான். பேண்டில் இப்போது ஏழு பேர். லிஸ்ட்டை அருள்மேரி ஒட்டிவைக்கிறாள். அவள் அம்மாவைவிடக் கறார். இன்னும் முழுப் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லை, இன்னும் அரை நாள் போகிறது, இன்னும் நான் முணுமுணுக்கிறேன். ஆனாலும் வேலை, பேண்டு இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதையும் விடமாட்டேன்.

சைரனை இப்போது யாரும் ஊதுவதில்லை. போன வருஷம் ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டார்கள். யார் செத்தாலும் பத்தாவது நிமிஷம் தானாக ஊதும்.

இதை எழுதும் இப்போதும் டீ பிரேக்தான். என் கடிகாரம் நாலு முப்பத்தொன்பது. கதைக்கு முடிவு எழுத இந்த ஒரு நிமிஷம் போதாது. போதுமானாலும் நான் எழுதப் போவதில்லை. கதையில் ஐந்தாவது சரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. லாசர் கம்பிக்கு வெளியே கையை உயர்த்தியிருக்கிறான், கடைசி அடி விழவில்லை. எதிரே ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே நாற்காலியில் இப்போது இருப்பது நீங்கள்தான். சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

பாட்டு முடியட்டும், அப்புறம் அழுத்துங்கள். நோட்டில் மட்டும் நாலு நாற்பது என்று எழுதிவிடுங்கள்.