வந்து சேராத சான்றிதழ்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் மனைவி றீட்டா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்துக்குப் பதினேழு வருடமாக நான்தான் செயலாளர். அந்த வேலைக்கு நல்லவனைவிடக் கோபக்காரன்தான் தேவை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒரு சல்லிக்காசு என் கையைத் தாண்டிப் போனதில்லை. போனது ஒரே ஒரு தரம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் சங்கத்தில் மாதாமாதம் ஆளுக்கு ஒரு சிறு தொகை கட்டுவோம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சவப்பெட்டி, பந்தல், தப்பு மேளம், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எல்லாம் சங்கத்துச் செலவு. எங்களைப் போல வேதக்கார வீடு என்றால் தப்புக்குப் பதில் சிலுவை. வாழ்நாள் பூராவும் கடனிலேயே கிடந்தவர்கள் போகும்போதாவது கடனில்லாமல் போகட்டும் என்று எங்கள் அப்பாமார் தொடங்கியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கீழ் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் கந்தப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஞானசீலண்ணே, விஜயா பேருல சங்கத்துக் காசு எடுக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் மனைவி விஜயலெட்சுமியை அன்று காலையில்தான் மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் குடத்தோடு பார்த்திருந்தேன்.

"ஐயோ, எப்பப்பா?"

"அவ இருக்காண்ணே. அவ இருக்கணும்னுதான் கேக்குறேன்."

எனக்கு வந்ததே கோபம். "பொண்டாட்டி உசுரோட இருக்கயில சாவுக்காசு கேக்குற மொத ஆளு நீதான்டா. வெக்கமா இல்ல?" என்று லயமே கேட்கிற மாதிரி ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனான்.

அவன் போன பிறகுதான் றீட்டா எனக்கு விசயத்தைச் சொன்னாள். விஜயலெட்சுமிக்கு இருதயத்தில் ஒரு கதவு சரியாகத் திறப்பதில்லையாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. கொழுந்துக் கூடையோடு பத்தடி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ஒப்பரேசன் செய்தால் பிழைப்பாள். அதற்குத் தேதியும் கொடுத்தாயிற்று.

நம் நாட்டில் வைத்தியம் இலவசம். நானே எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். ஒப்பரேசனுக்கு ஒரு சதம் கேட்கமாட்டார்கள், அது உண்மை. ஆனால் ஸ்கேனுக்குக் காத்திருந்தால் ஆறு மாதம், வெளியே எடுத்தால் அன்றைக்கே. மருந்துத் துண்டை நீட்டினால் பாதி இல்லை, வெளியே வாங்கு. மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு வேன் பிடித்தால் அந்த வாடகையிலேயே ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கூடப் போகிறவனுக்குச் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லமாட்டேன். இல்லாத மருந்தை அவர்கள்தான் எங்கிருந்து கொடுப்பார்கள்? ஆக, இலவச வைத்தியத்துக்குப் போய் கந்தப்பன் வீட்டில் முதலில் தோடு போனது. பிறகு தாலி போய் மஞ்சள் கயிறு வந்தது. பிறகு கறவை மாடு போனது. அந்த மாட்டுக்காக அவன் தன் கையால் பலகை இழைத்துக் கட்டிய பட்டி வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் நிலக்ஷனா புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டுக் கொழும்பில் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். இனி விற்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. ஒப்பரேசனுக்கு வெளியே வாங்கிவரச் சொன்ன சாமான்கள் மட்டும் இன்னும் பாக்கி.

விற்காமல் மிஞ்சியிருந்தது அவளுடைய சாவு ஒன்றுதான். அதைத்தான் கந்தப்பன் கொண்டுவந்திருந்தான். நான் அவனை ஏசி அனுப்பியிருந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மேல் லயத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் அந்த மண்டபத்தில்தான் எப்போதும் கூடுவோம். கீழ் லயத்திலிருந்து அங்கே வர நாற்பத்திரண்டு கருங்கல் படி. கூட்டம் தொடங்குகிற நேரத்தில் யாரோ "அங்க பாருங்க" என்றார்கள்.

விஜயலெட்சுமி ஏறி வந்துகொண்டிருந்தாள்.

நாலு படி ஏறுவாள், நிற்பாள். கந்தப்பன் பின்னால் கையை நீட்டிக்கொண்டே வந்தான், அவள் பிடிக்கவிடவில்லை. இரண்டு பெண்கள் இறங்கிப் போனார்கள். கையைக் காட்டி அவர்களையும் நிறுத்திவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நாங்கள் அறுபது பேர் அவள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மலையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதில் ஒரு ஆள் ஏறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றியது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை இருந்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, நான் செத்தா சங்கம் என்னென்ன செய்யும்? வாசிங்க."

தலைவர் முருகையா என்னைப் பார்த்தார். நான் விதிப்புத்தகத்தை எடுத்து வாசித்தேன். பெட்டி, வெள்ளைத்துணி, பந்தல், தப்பு, குழி வெட்டுகிறவர்களுக்குக் கூலி, தேத்தண்ணி. உயிரோடு இருக்கிற ஒருத்தி முகத்தைப் பார்த்து அதை வாசித்தது நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அவ்வளவும் எனக்குத்தானே?"

"ஒனக்குத்தாம்மா."

"எனக்கு ஒன்னும் வேணாம். அந்தக் காச இப்பக் குடுங்க. அப்பறம் நான் எப்ப செத்தாலும் சாக்குல சுத்திப் பொதச்சிருங்க. எழுதித் தாரேன்."

"என் பேரையும் வெட்டிருங்கண்ணே," என்றான் கந்தப்பன். "என்னோடதையும் சேத்து அவளுக்குக் குடுங்க."

முதலில் வாய் திறந்தது மேல் லயத்து ரெங்கம்மாதான். பிள்ளை குட்டி கிடையாது, புருசனும் போய்ச் சேர்ந்துவிட்டான். முப்பது வருடமாக ஒரு மாதம் தவறாமல் கட்டியவள். "ஆளாளுக்கு இப்பிடி உருவிக்கிட்டா நாளைக்கு நான் செத்தா யாருடி பெட்டி வாங்கித் தருவா? எனக்கு நாதி இருக்கா?" என்று கத்தினாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

நான் எழுந்து, சட்டத்தில் இடமில்லை என்று சொன்னேன். இரண்டு பேருடையதைச் சேர்த்தாலும் தொகை போதாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் நெஞ்சைக் குத்துகிறது.

விஜயலெட்சுமி அழவில்லை. "சரிண்ணே" என்று எழுந்து வெளியே போனாள். மூன்றாவது படியில் நின்று பக்கத்து மண்திட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் முதுகு ஏறி இறங்குவது உள்ளே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

"ஏய், நில்லுடி!"

ரெங்கம்மாதான். வெற்றிலையைத் துப்பிவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"என்னோடதையும் எழுதுடா ஞானசீலா."

"அக்கா, இப்பத்தானே பெட்டி வேணும்னு..."

"கேட்டேன்தான். இப்ப வேணாங்குறேன். நான் காஞ்ச கட்ட, எனக்கு ஒரு சாக்கே தாராளம். எழுதுடான்னா!"

முருகையா கூட்டத்தைப் பார்த்து, "மாட்டேங்குறவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கை உயரவில்லை. சட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய நானும் தூக்கவில்லை.

பற்றுச்சீட்டில் 'இறந்தவர் பெயர்' என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் அவள் பெயரை எழுத என் பேனா ஓடவில்லை. "எழுதுங்கண்ணே, ஒன்னும் ஆவாது," என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். மூன்று சீட்டு எழுதினேன். கீழே 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் விஜயலெட்சுமி கையெழுத்துப் போட்டாள், கந்தப்பன் போட்டான், ரெங்கம்மா கைநாட்டு வைத்தாள். தங்கள் சாவைத் தாங்களே கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களை அதற்கு முன் நான் கண்டதில்லை. மூன்று சாவை வைத்து ஒரு உயிரைக் கேட்கப் போகிறார்கள்.

ஒப்பரேசன் நடந்தது. பிழைத்து வந்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பச்சைப் பொய். மாடு திரும்பி வரவில்லை. அடகில் இருந்த தோடும் தாலியும் ஏலத்தில் போய்விட்டன. நிலக்ஷனா இன்னும் அந்தப் புடவைக் கடையில்தான் நின்றுகொண்டிருக்கிறாள். அவளோடு படித்த பிள்ளை இப்போது டீச்சர். ஒரு இருதயத்தின் கதவைத் திறக்க ஒரு வீட்டின் கதவை மூட வேண்டியிருந்தது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். யாரைக் கோபிப்பது என்றுதான் தெரியாது.

போன கார்த்திகை மழையில் ரெங்கம்மா போய்ச் சேர்ந்தாள்.

காலையில் மேல் லயத்துக்கு ஓடினேன். பாயில் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். சங்கம் கொடுக்க முடியாது. அவள் கைநாட்டு வைத்த சீட்டு என் கோப்பில் இருக்கிறது. சாக்கு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது. சட்டம் நாசமாய்ப் போகட்டும், என் கைக்காசைப் போடுவோம் என்று வாயைத் திறக்கப் போனேன். அப்போது கீழ் லயத்திலிருந்து ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது.

கந்தப்பன் மாட்டுப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்றைக்காவது ஒரு கன்றாவது வாங்குவோம் என்று அந்த வீட்டில் மிச்சம் வைத்திருந்த ஒரே ஆசை அது.

பலகைகளை விஜயலெட்சுமி தலையில் வைத்து ஏறி வந்தாள். மழைத்தூறலில் படியெல்லாம் வழுக்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு படி. எங்கேயும் நிற்கவில்லை. பலகையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள், மறுபடி ஏறினாள். நாலு நடை. நான் தலையில் போட்டிருந்த தொப்பியை என்னை அறியாமல் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தேன்.

மதியத்துக்குள் பெட்டி தயார். கடைப் பெட்டி போல மினுமினுப்பு இல்லை. லேசாகப் பால்மாட்டு வாசனை அடித்தது. அந்த வாசனையோடுதான் ரெங்கம்மாவைக் கொண்டுபோனோம். தப்பு அடிக்க வந்தவர்கள் கூலி வாங்கவில்லை.

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் கணக்குப் பார்க்க வந்த வாத்தியார் வழக்கம்போல எழுந்தார். மூன்று பற்றுச்சீட்டுக்கு இறப்புச் சான்றிதழ் இல்லை என்று வருடா வருடம் குறை எழுதுவது அவர் வேலை. "செயலாளர் என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் எழுந்தேன். மூன்றாவது வரிசையில் விஜயலெட்சுமி கந்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் என்னைப் பார்த்தாள்.

"ஒன்னு வந்துருச்சுங்க," என்றேன். "ரெண்டு இன்னும் வரல."